மழைக்கு முன் ஆயத்தமாவோம்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன், கொல்லிமலை செம்மேட்டில் நடந்த குடும்பக் கூடுகையில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



கீழேயிருந்து வந்திருக்கிற நண்பர்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருக்கிறீர்கள். பலருக்குத் தலை சுற்றியிருக்கும். அந்தச் சாலையில் ஒரு பெரிய மரம் விழுந்தால் 108 வண்டி வருவதற்கு நேரமாகும். அதுவரைக்கும் வீட்டில் இருப்பதே நமக்கு உதவி.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழை இரவில், ஓடையோரத்தில் தனியாயிருந்த ஒரு பாட்டியை அழைத்துவரப் போனோம். ஒரு பக்கத்துச் சுவர் இடிந்திருந்தது. "நான் வந்துட்டா இந்த ஆடுங்களை யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். இரண்டு ஆடுகள், ஒரு நாய். அரைமணி நேரம் கெஞ்சினோம், அசையவில்லை. கடைசியில் ஒரு தம்பி ஆடுகளைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, நாயும் கூடவே ஓட, பாட்டி எழுந்து வந்தார். விடிந்து போய்ப் பார்த்தால் மீதிச் சுவரும் விழுந்து கிடந்தது. ஆட்டுக்கு இடமில்லாவிட்டால் பாட்டிக்கும் இடமில்லை என்று அன்று கற்றுக்கொண்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது, மனிதரோடு ஏராளமான ஆடுமாடுகளும் மடிந்தன. கட்டுத்தறியில் கட்டிய மாடு எங்கே ஓடும்? நோவா பேழையைக் கட்டியது மழை தொடங்கிய பிறகல்ல. அதில் ஜீவன்களுக்கும் இடமிருந்தது, ஆகாரமும் இருந்தது.

ஆகவே இந்த வாரமே சில காரியங்களைச் செய்யுங்கள்.

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் ரேஷன் கார்டு, ஆதார், பாங்கு புத்தகம், மருத்துவமனைச் சீட்டு, ஒரு வாரத்து மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச் லைட், தீப்பெட்டி ஆகியவற்றை வையுங்கள். மூன்று நாளைக்கு அவலும் குடிதண்ணீரும் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள், மின்சாரம் நின்றால் மருந்தை நனையாதபடி சின்ன டப்பாவில் அடைத்து, தண்ணீருள்ள மண்பானைக்குள் வையுங்கள்.

ஆடுமாடுகளுக்கு மூன்று நாள் தீவனத்தை நனையாத உயரத்தில் வையுங்கள். இழுத்தால் அவிழும் முடிச்சுப் போடுங்கள். இடி மின்னலில் தனி மரத்தடியில் கட்டவேண்டாம். எந்த மேட்டு நிலத்துக்கு, யார் ஓட்டிப்போவது என்று இன்றே பேசி வையுங்கள். வெள்ளமோ இடிபாடோ நெருங்கி, ஓட்டிப்போக நேரமில்லையென்றால், அவிழ்த்துவிட்டு நீங்கள் வெளியேறுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

நாய்க்கு வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். கடித்துவிட்டால் புண்ணைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசிக்கு வாருங்கள். சுண்ணாம்பும் மிளகாயும் தடவவேண்டாம். மழையில் பாம்பு வீட்டுக்குள் வரும். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் தனியாயிருக்கிற முதியவர் யார்? அவர் ஆட்டை யார் பிடிப்பார்? வீட்டுக்குப் போகுமுன் அந்தப் பெயரை முடிவு செய்யுங்கள்.