டிராகனுக்கு ரெண்டு பலி

இந்த எபிசோட் யூ-கி-ஓ கார்டு கேம் பத்தி. கூடவே என் தம்பிகிட்ட ஒரு மன்னிப்பும்.

நூம்பல்ல எங்க வீட்டு மொட்டை மாடி, தண்ணித் தொட்டி நிழல், எதிரெதிரே நாங்க ரெண்டு பேரு. வேலப்பன்சாவடி பெட்டிக்கடையில வாங்கின டூப்ளிகேட் கார்டு. காத்துல பறக்கும்னு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஜல்லிக்கல்லு வைப்போம்.

போன மாசம் பரண்ல அந்த டப்பா கிடைச்சுது. அப்போதான் நிஜ ரூல்ஸை முழுசா படிச்சேன். ஆளுக்கு 8000 லைஃப் பாயிண்ட். 5, 6 நட்சத்திர மான்ஸ்டரை இறக்க, களத்துல இருக்கற ஒண்ணைப் பலி கொடுக்கணும். 7, அதுக்கு மேலன்னா ரெண்டு. ப்ளூ ஐஸ் வைட் டிராகனுக்கு 8 நட்சத்திரம், தாக்குதல் 3000.

என் குட்டு இங்கதான் இருக்கு. கார்ட்டூன்லயே ரூல் மாறும். ஆரம்ப எபிசோடுகள்ல டிராகனை நேரா இறக்குவாங்க, 'பேட்டில் சிட்டி' கதையிலதான் பலி கட்டாயம். கசுகி தகாஹாஷி 1996ல ஆரம்பிச்ச மங்கால கார்டு ஆட்டம் முதல்ல ஒரு சின்ன பகுதிதான். வாசகர்களுக்குப் பிடிச்சதால பெருசாச்சு. கதையில யார் ஜெயிக்கணும்னு எழுதறவர் முடிவு பண்ணலாம். 1999ல கொனாமி கொண்டுவந்த கேம்ல அது நடக்காது. பலி இல்லன்னா எல்லாரும் முதல் டர்ன்லயே 3000ஐ இறக்குவாங்க, சின்ன கார்டுக்கு வேலையே இருக்காது.

எனக்கு ரெண்டு ரூலும் தெரியும். என் கையில டிராகன் வந்தா பழைய எபிசோட் ரூல். தம்பிக்கு டார்க் மஜிஷியன் வந்தா, "ரெண்டு பலி எங்கடா?"

திரும்ப ஆட, 2022ல வந்த 'மாஸ்டர் டூயல்' ஆப்பைத்தான் முதல்ல போட்டோம். ரூல் மீறவே விடாது, வேலிடேஷன் பக்கா. ஆனா இப்போதைய கேம்ல எதிராளி ஒரே டர்ன்ல வரிசையா கார்டு இறக்கிட்டே இருப்பான், நாம டீ ஆற வரைக்கும் வேடிக்கை பார்க்கணும். எனக்குப் பிடிக்கல. 2005 ஏப்ரல் தடைப்பட்டியல வச்சு ஆடற 'கோட் ஃபார்மட்'னு ஒண்ணு இருக்கு, எங்க டப்பாவுக்கு அதுதான் நெருக்கம். ஆப்பை அழிச்சுட்டு மாடிக்குப் போனோம்.

நாலாவது டர்ன். என் கையில ப்ளூ ஐஸ், களத்துல ஒரே ஒரு மான்ஸ்டர். பழக்க தோஷம், கை தானா போகுது. தம்பி ஒண்ணும் சொல்லாம பார்த்துட்டு இருந்தான்.

"உனக்கு அப்பவே தெரியுமாடா?"

"தெரியும்ணா. கேட்டா நீ கிரிக்கெட் ஆட கீழ போயிடுவே. அப்புறம் நான் யார்கூட ஆடறது?"

டிராகனைத் திரும்பக் கையில வச்சுக்கிட்டேன். அவன் அடுத்த டர்ன்ல ரெண்டு கார்டைப் பலி கொடுத்து டார்க் மஜிஷியனை இறக்கினான், கொஞ்சம் அதிகமாவே நிதானமா. நான் தோத்தேன்.

ஞாயித்துக்கிழமை அவனுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது. ஜல்லிக்கல்லு பொறுக்கி வச்சிருக்கேன்.