கஞ்சமலைக் குச்சி

சேலத்திலிருந்து இளம்பிள்ளை போகிற வழியில் கஞ்சமலை. அடிவாரத்துச் சித்தர் கோயிலில் அமாவாசை தவறாமல் கூட்டம்.

அங்கே ஒரு கதை சொல்வார்கள். மூலிகை தேடி வந்த குரு, வயதான சீடரைச் சோறாக்கச் சொன்னாராம். அகப்பை இல்லை. கீழே கிடந்த குச்சியை ஒடித்துக் கிளறினார் சீடர். சோறு கருகருவென்று கறுத்துப்போனது. குரு திட்டுவாரே என்று பயந்து, அத்தனையும் தாமே தின்றுவிட்டார். குரு திரும்பி வந்தால், அடுப்படியில் ஒரு வாலிபன்!

அந்தக் குச்சியைத்தான் இன்றைக்கும் தேடுகிறோம், பவுடராக, மாத்திரையாக, முடிச்சாயமாக. நரைப்பதற்குப் பயப்படுகிற அளவுக்கு ரத்தக்கொதிப்புக்குப் பயப்படுவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். கொதிப்பு வலிக்காது, சத்தமில்லாமல் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கொதிப்பைக் கவனிக்க வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசின் திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் நான் கையெடுத்துக் கும்பிடுவது, வலிதணிப்புச் சிகிச்சைக்கு வருகிற செவிலியரை. இனிக் குணமாகாது என்று ஆனவரைப் பக்குவமாகப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்திடுகிறார். சாகப்போகிறவருக்கும் உடம்பு வலிக்கும் அல்லவா?

உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கே பெயர் கொடுத்து வாருங்கள்.