படமா, பட்டியலா?



நீங்கள் வரைந்த ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டை வெளியூர் நண்பருக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். எந்த வடிவத்தில் அனுப்புவீர்கள்?

பலரும் அனுப்புவது ஜேபெக் படம். அது புகைப்படத்துக்கு ஏற்றது. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், மெல்லிய கோடுகளின் ஓரம் கலங்கிவிடும். 4.7 கிலோ ஓம் என்பதில் புள்ளி மறைந்தால் 47 ஆகிவிடுமே! அந்தப் பயத்தில்தான் அனுபவசாலிகள் புள்ளிக்குப் பதில் எழுத்தை வைத்து ‘4கே7’ என்று குறிக்கிறார்கள். பிஎன்ஜி வடிவம் கோட்டைக் கெடுக்காது. சர்க்யூட் வரையும் மென்பொருளிலிருந்தே எடுத்த எஸ்விஜி, பிடிஎஃப் படங்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாக இருக்கும்.

இவையெல்லாம் கண்ணுக்குச் சரி. கணினிக்கு வேண்டியது, எந்த ரெசிஸ்டரின் முனை எந்த ஐசியின் எந்தக் காலோடு சேர்கிறது என்ற பட்டியல். இதை நெட்லிஸ்ட் என்பார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் வெளிவந்த ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சோதனை மென்பொருள், வரிக்கு ஒரு பாகமாக இந்தப் பட்டியலைத்தான் வாங்கிக்கொண்டது. ஆனால் பட்டியலைப் படித்து சர்க்யூட்டைப் புரிந்துகொள்வது மனிதருக்குப் பெரும்பாடு.

படத்தையும் பட்டியலையும் சேர்த்துச் சுமக்க, 1980களில் எடிஃப் என்ற பொது வடிவம் வந்தது. மென்பொருள் நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாக அதைக் கையாண்டதால், ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொன்று சரியாகப் படிக்கவில்லை. சர்க்யூட் போர்டு தயாரிப்பில் மட்டும் கெர்பர் வடிவம் உலகம் முழுக்க நிலைத்தது. காரணம் எளிது: தொழிற்சாலைக்குச் செம்புத் தடத்தின் உருவமும் துளையின் இடமும் தெரிந்தால் போதும். சர்க்யூட் படத்துக்கோ பாகங்களின் குறியீடுகள் அடங்கிய லைப்ரரியும் வேண்டும். அதை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் வைத்திருக்கிறது.

1992இல் பிரான்சில் ழான்-பியர் ஷரா தொடங்கிய கிகேட், இந்தச் சிக்கலை ஓரளவு தளர்த்தியிருக்கிறது. இலவச மென்பொருள், கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. 2021 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பு முதல், பயன்படுத்திய பாகங்களின் குறியீடுகளும் கோப்புக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஈகிள், ஆல்டியம் போன்ற பிற மென்பொருள்களின் கோப்புகளையும் கிகேட் திறக்கும்.

ஆகவே, இரண்டாக அனுப்புங்கள். பார்ப்பதற்கு ஒரு பிடிஎஃப். திருத்துவதற்கு மூலக் கோப்பு. படம் மட்டும் கிடைத்தவர், ஒரு கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கக்கூட முழுவதையும் மறுபடி வரைய வேண்டும். அப்படி வரைகையில் ஓர் இணைப்பு விட்டுப்போனால், பழி உங்கள் சர்க்யூட் மேல்தான் விழும்!