சித்திரப்படங்களிற் பெண்ணும் நிறமும்

நடிகரைக் கொண்டு எடுக்கப்படும் திரைப்படத்துக்கும், கார்ட்டூன் என வழங்கும் சித்திரப்படத்துக்கும் அடிப்படையான வேற்றுமை ஒன்று உண்டு. படக்கருவியின் முன்னே இயக்குநர் எண்ணாதனவும் சில வந்து பதிந்துவிடும். சித்திரப்படத்திலோ தற்செயலாய் அமைவது எதுவுமில்லை. மூக்கின் வளைவும், தோலின் நிறமும், பேச்சின் தொனியும் ஒருவர் எண்ணி, மற்றொருவர் இசைந்து அமைத்தவை. ஆதலின், அங்கே பெண்ணும் பிற இனத்தவரும் எவ்வாறு தோன்றுகின்றனர் என்பது, எழுதுகோலைப் பிடித்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

1937ஆம் ஆண்டில் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ வைட்' படத்தை எடுத்துக்கொள்வோம். செலுலாயிட் தகடுகளில் மைக்கோடு இட்டு வர்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். உருவங்களுக்கு அசைவு கொடுக்கும் பணியோ ஆண்களிடமே இருந்தது. பெண்கள் அப்பணிக்கு எடுக்கப்படுவதில்லை என்று, விண்ணப்பித்த பெண்ணொருவருக்கு 1938இல் அந்நிலையம் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது.

திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. 1926ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் என்னும் பெண்மணி, கறுப்புத் தாளைக் கத்தரித்த நிழலுருவங்களால் 'இளவரசர் அக்மத்தின் வீரச்செயல்கள்' என்னும் முழுநீளப் படத்தை ஆக்கியிருந்தார். இன்று எஞ்சியுள்ள முழுநீளச் சித்திரப்படங்களுள் மிகப் பழையது அதுவே. டிஸ்னி நிலையத்திலும், 1942இல் வந்த 'பாம்பி' படத்தின் வேட்டைநாய்களுக்கு அந்தக் கொடூர வேகத்தைக் கொடுத்தவர் ரெட்டா ஸ்கொட் என்னும் பெண்ணே.

நிறத்தின் கதையும் இத்தகையதே. 1941இல் வெளிவந்த 'டம்போ' படத்திலே வரும் காகக் கூட்டத்தின் பேச்சும் ஆட்டமும், கறுப்பின மக்களைப் பரிகசித்த மேடைக்கூத்துகளின் சாயலைக் கொண்டவை. தலைமைக் காகத்துக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளையர். அதற்கு இடப்பட்ட 'ஜிம் குரோ' என்னும் பெயரோ, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த சட்டங்களைக் குறிக்க வழங்கியது. 2020ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனமே இப்படத்தின் முன்னே எச்சரிக்கைக் குறிப்பொன்றைச் சேர்த்தது.

பிற்காலத்தில் நாயகியர் பல இனங்களிலிருந்தும் வந்தனர். எனினும், முகத்தை மாற்றினால் மட்டும் போதுமா? 1998இல் வெளிவந்த 'முலான்' சீனத்து வீரமங்கையின் கதை. மொழியியலாளர் இருவர் அப்படத்தின் உரையாடலைக் கணக்கிட்டபோது, முக்காற்பங்குக்கு மேற்பட்ட சொற்கள் ஆண்பாத்திரங்களுடையவை எனக் கண்டனர். நாயகியைவிட அவளுக்குத் துணையாக வரும் சிறு நாகமே அதிகம் பேசுகின்றது! டிஸ்னியின் முதற் கறுப்பின இளவரசி தியானா 2009ஆம் ஆண்டிலேதான் தோன்றினாள். அவளும் படத்தின் பெரும்பகுதியில் தவளை வடிவிலேயே இருக்கின்றாள்.

மெய்யான மாற்றம் பணிக்கூடத்திலிருந்தே தொடங்குகின்றது. 2013இல் 'ஃப்ரோசன்' படத்தின் இயக்குநர் இருவருள் ஒருவராக ஜெனிஃபர் லீ அமைந்தார். சகோதரியர் இருவரின் பாசமே அக்கதையின் முடிச்சை அவிழ்க்கின்றது. 2018இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் சித்திரப்படத்தை இயக்கிய மூவருள் பீட்டர் ராம்சே கறுப்பினத்தவர். அதன் நாயகனும் கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த சிறுவன். அப்படம் மறுவருடம் ஒஸ்கார் பரிசு பெற்றது.

இவை குழந்தைகளின் வேடிக்கைதானே என்பர் சிலர். வேடிக்கை என்பதனாலேயே அது ஆராயப்படாமல் இளநெஞ்சிற் பதிகின்றது. பழைய படங்களைப் பூட்டிவைக்க வேண்டுவதில்லை. குழந்தையோடு அமர்ந்து பார்க்கும் நேயர்கள் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவைத்தல் நன்று: இங்கே பேசுபவர் யார்? சிரிப்புக்கு ஆளாக்கப்படுபவர் யார்? குழந்தை தானே விடை கண்டுகொள்ளும்.