பாற்பல்லின் அருமை

'பல் போனால் சொல் போயிற்று' என்பது பழமொழி. முதியோரைக் கண்டு பிறந்த மொழியாயினும், சிறு குழந்தைக்கும் அது பொருந்தும். ஆனால் குழந்தையின் பல்லில் சொத்தை கண்டால், 'விழுந்து முளைக்கப்போகும் பல்தானே!' என்று நம்மில் பலர் வாளா இருந்துவிடுகிறோம். இவ்வெண்ணம் சரியானதா என்பதை இன்று ஆராய்வோம்.

குழந்தைக்கு ஏறத்தாழ 6-ஆம் மாதத்தில் முதற் பல் அரும்புகிறது. 3 வயதிற்குள் 20 பாற்பற்களும் முளைத்துவிடும். அவற்றுள் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருக்கவேண்டியவை. உணவை மெல்லுதல், சொல்லைத் திருத்தமாக ஒலித்தல் ஆகியவற்றோடு, பின்னர் வரும் நிலைப்பற்களுக்கு இடம் காத்து வைப்பதும் அவற்றின் பணி. காலத்திற்கு முன் ஒன்று வீழ்ந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து, வரவேண்டிய பல் கோணலாக முளைக்க நேரிடும். சொத்தையால் வலி கண்ட குழந்தையோ உணவையும் உறக்கத்தையும் இழந்து மெலிகிறது.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது? புழுவே பல்லை அரிக்கிறதென்று பல நாட்டினரும் நெடுங்காலம் நம்பினர். நம் நாட்டில் கண்டங்கத்தரி விதையைப் புகைத்து அப்புழுவை வெளியேற்ற முயன்றதும் உண்டு. உண்மையில் அங்கே புழு ஏதும் இல்லை. பெர்லினில் பணியாற்றிய வில்லபி மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், வாயிலுள்ள நுண்கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் 1890-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லினின்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

பல்லின் மேலுறையாகிய எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும், இனிப்பு உண்ட சில நிமிடங்களில் அமிலம் பெருகி, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் சுமார் அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மீட்டுத் தருகிறது. மிட்டாயை இடைவிடாது சுவைத்துக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு அவகாசம் ஏது? ஆகவே, எவ்வளவு தின்றோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை தின்றோம் என்பதே முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு. பாற்புட்டியை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் முதலில் கெடுவது இதனாலேதான்.

ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் தோன்றும் வெண்பட்டையே முதல் அறிகுறி. இந்நிலையில் கவனித்தால் பல்லை மீட்கலாம்; குழி விழுந்தபின் மருத்துவர்தாம் அடைக்கவேண்டும்.

தடுக்கும் வழி எளியது. முதற் பல் முளைத்த நாள் முதலே இருவேளையும் துலக்கவேண்டும். ஃபுளோரைடு கலந்த பற்பசையை 3 வயது வரை ஓர் அரிசி அளவும், பின்னர்ப் பட்டாணி அளவும் இட்டால் போதும். குழந்தை அதை விழுங்காதவாறு பெரியவர்களே துலக்கிவிடுதல் நலம். ஃபுளோரைடு எனாமலுக்கு உறுதி தருவது. அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945-இல் அதைக் குடிநீரில் சிறிதளவு சேர்க்கத் தொடங்கியபின், அங்குள்ள குழந்தைகளிடையே சொத்தை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலத்தடி நீரில் இது மிகுந்திருப்பதால் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் இத்தீங்கைப் போக்கவே வகுக்கப்பட்டது. அத்தகைய ஊர்களில் உள்ளோர் மருத்துவரின் யோசனையைக் கேட்டே பற்பசையைத் தெரிந்தெடுக்கவேண்டும்.

மாணவ நண்பர்களே! இறுதியாக ஒன்று. 6 வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு புதிய கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கிறது. அது நிலைப்பல், இழந்தால் மறுபடி முளையாது. அதையும் பாற்பல்லென்று கருதிப் பலர் கவனியாது விட்டுவிடுகின்றனர். உங்கள் இல்லத்தில் அவ்வயதுடைய தம்பியோ தங்கையோ இருந்தால், இன்றே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பாடநூலில் கற்ற அறிவு வீட்டில் ஒரு பல்லைக் காக்குமாயின், அதுவே கல்வியின் பயன்.