கேளாமல் வந்த கோப்பு

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையிலுள்ள நம்மவர் ஊருக்குப் பணம் அனுப்புவதும் இன்று இணைய உலாவி வழியாகத்தான்.

2008 மே மாதத்தில் நிதேஷ் தன்ஜானி என்னும் ஆய்வாளர், ஆப்பிளின் சஃபாரி உலாவியில் ஒரு குறையை வெளிப்படுத்தினார். தான் காட்டவியலாத கோப்பை அது உரியவரைக் கேளாமலே சேமித்துவிடும். விண்டோஸ் கணினியில் அது முகப்புத் திரையிலேயே வந்து விழும். தீய பக்கமொன்று நூற்றுக்கணக்கில் கொட்டலாம். வெறுங்குப்பைதானே என்பீர்கள். அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ, தனக்கு வேண்டிய துணைக்கோப்பை முகப்புத் திரையிலும் தேடும். பெயரொத்த போலி அங்கே கிடந்தால் அதையே இயக்கிவிடும்! மே 30இல் மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. ஜூனில் ஆப்பிள், சேமிக்குமுன் கேட்குமாறு திருத்தியது. முதலில் அந்நிறுவனம் இதனைப் பாதுகாப்புக் குறையாகவே கருதவில்லை என்பது வியப்புத்தான்.

குரோம் உலாவியின் அமைப்புகளில், ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பதெனக் கேட்கும் வசதியுண்டு. அதனை இயக்கி வையுங்கள். பதிவிறக்கப் பகுதியில் நீங்கள் கேளாத கோப்பு கிடந்தால், திறவாமலே நீக்கிவிடுங்கள்.