செல்போன் வாங்கும்போது கேட்க வேண்டிய தேதி



புது செல்போன் வாங்கப் போகிற வீட்டில் இன்று எழுகிற முதல் கேள்வி, "ஐபோனா, ஆண்ட்ராய்டா?" என்பதுதான். அக்கம்பக்கத்தில் கேட்கிறோம். அலுவலகத்தில் கேட்கிறோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளையிடம் கேட்கிறோம். கடைக்குப் போனால் விற்பனையாளர் கேமராவின் மெகாபிக்சலைச் சொல்கிறார், ரேம் எத்தனை ஜிபி என்கிறார், மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இவையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் அந்தப் போன் எந்த ஆண்டு வரை பாதுகாப்பாக இருக்கும் என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இன்று நான் பேச வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

போனுக்குள் எல்லா வேலைகளையும் நடத்திவைக்கிற அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். நாம் விரலால் தொட்டதும் திரை அசைவது, கேமரா திறப்பது, வங்கிச் செயலி ஓடுவது எல்லாம் அதன் மேல்தான் நடக்கின்றன. ஐபோனில் இருப்பது ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ். சாம்சங், விவோ, ஷாவ்மி, மோட்டோரோலா போன்ற மற்ற போன்களில் இருப்பது கூகுளின் ஆண்ட்ராய்டு. இந்தியாவில் பயன்பாட்டிலுள்ள ஸ்மார்ட்போன்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டில்தான் ஓடுகின்றன.

எப்போதும் இந்த இரண்டு மட்டுமே இருந்தன என்று இளைய நேயர்கள் நினைக்கலாம். அப்படியில்லை. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டியது 2007 ஜனவரியில். ஆண்ட்ராய்டில் ஓடிய முதல் போன் கடைக்கு வந்தது 2008 அக்டோபரில். அப்போது உலகச் சந்தை நோக்கியாவின் கையில் இருந்தது. அதன் ஸ்மார்ட்போன்களில் சிம்பியன் என்ற இயங்குதளம் ஓடியது. அலுவலக மின்னஞ்சலுக்கு பிளாக்பெர்ரி என்றால் தனி மதிப்பு. 2011 பிப்ரவரியில் நோக்கியா, சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. அந்த முடிவு அதைக் காப்பாற்றவில்லை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலே மைக்ரோசாப்ட் கைக்குப் போய்விட்டது.

இதன் வலியைத் தமிழ்நாடு நேரடியாக அறியும். 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். வரிப் பிரச்சினையால் மைக்ரோசாப்ட் வாங்கியவற்றில் அந்த ஆலை சேரவில்லை. 2014 நவம்பர் முதல் தேதி அது மூடப்பட்டது. பிறகு அதே ஆலையை வாங்கிய சால்காம்ப், ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கிற நிறுவனம்.

போன் வாங்குகிறவருக்கும் இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. சிம்பியன் போன்களும் பிளாக்பெர்ரிகளும் உடைந்துபோனதால் தூக்கி எறியப்படவில்லை. பலருடைய போன்கள் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் 2017 இல் அவற்றுக்கான வாட்ஸ்அப் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் போனுக்கு 2019 இறுதியில் நிறுத்தப்பட்டது. பேட்டரியும் திரையும் நன்றாக இருந்தும் போன் பயனற்றுப் போனது. இயங்குதளத்தைப் பராமரிக்கிறவர் கைவிட்டால் கருவியின் ஆயுளும் முடிந்தது. அதனால்தான் பராமரிப்பு எத்தனை காலம் என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு இயங்குதளங்களும் நம்மிடம் எப்படி வந்து சேருகின்றன என்று பார்க்க வேண்டும்.

ஆப்பிள், போனையும் தானே வடிவமைக்கிறது, ஐஓஎஸ்ஸையும் தானே எழுதுகிறது. ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், திருத்தம் ஆப்பிளிடமிருந்து நேராக உங்கள் போனுக்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டின் வழி வேறு. அதன் அடிப்படை நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கூகுள் எழுதிக் கொடுக்கிற திருத்தத்தைச் சிப் தயாரிக்கிற நிறுவனமும், பிறகு போன் தயாரிக்கிற நிறுவனமும் தங்கள் கருவிக்கு ஏற்றபடி சேர்த்துச் சோதித்து அனுப்ப வேண்டும். இந்தத் திறந்த தன்மையால்தான் குறைந்த விலையிலும் ஸ்மார்ட்போன் கிடைக்கிறது. எளிய குடும்பங்களுக்கு இணையத்தைக் கொண்டு வந்தது ஆண்ட்ராய்டு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இடையில் இத்தனை கைகள் இருப்பதால், திருத்தம் சில போன்களுக்குத் தாமதமாக வருகிறது. விலை குறைந்த பல போன்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் நின்றும் போகிறது.

2013 இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. 2018 இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2025 இல் வெளியான ஐஓஎஸ் 26 வரும்வரை ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பைப் பெற்று வந்தது. ஆண்ட்ராய்டு பக்கமும் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2023 அக்டோபரில் பிக்சல் 8 போனுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக கூகுள் உறுதியளித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங் அதே ஏழு ஆண்டுகளை அறிவித்தது. அதே ஆண்டு இந்தியாவில் இருபதாயிரம் ரூபாய்க்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு ஆண்டுகள். ஆக, நீண்ட ஆயுள் விலை உயர்ந்த போன்களுக்கு மட்டுமே என்பது பழைய கதை.

இந்த ஆண்டுகள் பெரும்பாலும் அந்த மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டுகள் புதுப்பிப்பு உள்ள போனை, வெளியாகி இரண்டு ஆண்டுகள் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மீதி இரண்டு ஆண்டுகள்தான். அதனால் விலையை மீதியுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போனுக்கு இரண்டு ஆண்டுகள் மீதி என்றால், ஆண்டுக்கு ஆறாயிரம். இருபத்து நான்காயிரம் ரூபாய்ப் போனுக்கு ஆறு ஆண்டுகள் மீதி என்றால், ஆண்டுக்கு நான்காயிரம். மலிவு என்று நினைத்ததுதான் அதிகச் செலவு வைக்கிறது.

"அப்டேட் நின்றால் என்ன, போன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். பழைய ஆண்டுகளில் அது சரியாக இருந்திருக்கலாம். இன்று நம் வங்கிக் கணக்கு, யுபிஐ, ஆதார், பிள்ளைகளின் புகைப்படம் எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கின்றன. திருத்தம் வராத போன், தாழ்ப்பாள் பழுதான வீடு போன்றது. உள்ளே பொருள் சேரச் சேர ஆபத்தும் கூடுகிறது.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் கடைக்கு வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவ முடியும். அது ஒரு சுதந்திரம். அதையே மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. தொட்டு நிறுவினால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறுஞ்செய்தியை அந்தச் செயலி படித்துவிடுகிறது. இந்தியாவில் ஐபோனில் ஆப்பிளின் கடைக்கு வெளியிலிருந்து சாதாரணமாக எதையும் நிறுவ முடியாது, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியும் வெளிச் செயலிகளுக்குக் கிடையாது. வருகிற இணைப்பையெல்லாம் தொட்டுப் பார்க்கிற பழக்கமுள்ள பெரியவர்களுக்குப் போன் வாங்கும்போது இதை எண்ணிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுத்தால், அமைப்புகளில் வெளிச் செயலிகளை நிறுவும் அனுமதி எதற்கும் தரப்படவில்லை என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லிவையுங்கள்.

தனியுரிமையிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆப்பிளின் வருமானத்தில் பெரும்பகுதி கருவிகளை விற்பதிலிருந்து வருகிறது. 2021 ஏப்ரலிலிருந்து ஐபோனில் ஒரு செயலி மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால், உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். அதற்காக ஆப்பிளை முழுக்க நம்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டுமே பெரும் வணிக நிறுவனங்கள். ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பாளர்கள் மீது தன் செயலிகளைத் திணித்ததாக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அமெரிக்க அரசின் நீதித் துறை, வாடிக்கையாளர்கள் வெளியேற முடியாதபடி கட்டிப்போடுவதாக 2024 மார்ச்சில் ஆப்பிள் மீது வழக்குத் தொடர்ந்தது.

அந்தக் கட்டிப்போடுதலை நாமும் அனுபவிக்கிறோம். ஐபோனில் வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆப்பிளின் ஐகிளவுடில் சேமிக்கப்படுகின்றன, ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் புதுப் போனைத் தொடங்குகிற வேளையிலேயே அதைச் செய்துவிட வேண்டும். ஒரு பக்கம் காசு கொடுத்து வாங்கிய செயலி மறுபக்கம் வராது. ஆகவே கட்சி மாற நினைப்பவர்கள், பழைய போனை விற்பதற்கு முன் புகைப்படங்களையும் உரையாடல்களையும் மாற்றி முடித்து, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

தமிழுக்கு எது நல்லது என்றும் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டின் தொடக்க காலப் போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்த காலம் உண்டு. அந்தக் குறையைத் தீர்க்க உழைத்தவர்களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முக்கியமானவர். அவருடைய செல்லினம் செயலியில் தமிழ் எழுதிப் பழகியவர்கள் ஏராளம். இன்று இரண்டிலும் தமிழ் எழுதலாம். ஆனாலும் கடையிலேயே ஒரு வரி தமிழில் தட்டிப் பாருங்கள், ஒரு வரி பேசி எழுதவைத்துப் பாருங்கள். பார்வையற்ற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரிலும், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற பெயரிலும் இருக்கிறது. இரண்டையும் இயக்கச் சொல்லி, தமிழை எது தெளிவாக வாசிக்கிறது என்று உங்கள் காதால் கேட்டு முடிவெடுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்கள் இரண்டு சோதனைகளைத் தவறவிடக் கூடாது. நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். அடுத்து, விற்கிறவர் தன் ஆப்பிள் கணக்கையோ கூகுள் கணக்கையோ உங்கள் கண்முன் நீக்கித் தர வேண்டும். நீக்காவிட்டால் பூட்டு விழுந்து, போன் உங்களுக்குப் பயன்படாது.

சரி, ஐபோனா ஆண்ட்ராய்டா? எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே விடை இல்லை. ஆனால் யாருக்கு என்று கேட்டால் என்னிடம் விடை உண்டு. ஒரே போனைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர், எதையும் நோண்டாமல் பயன்படுத்த விரும்புகிறவர், விலையைத் தாங்கக்கூடியவர் ஐபோன் வாங்கலாம். கையில் உள்ள பணத்துக்குள் வாங்க வேண்டிய மாணவர், இரண்டு சிம்மும் பெரிய பேட்டரியும் வேண்டிய சிறு வியாபாரி, தன் விருப்பப்படி போனை மாற்றியமைக்க நினைப்பவர் ஆண்ட்ராய்டு வாங்கலாம். ஆனால் புதுப்பிப்புக்கு இன்னும் நான்கு ஆண்டுகளாவது மீதி உள்ள மாடலாக வாங்குங்கள். ஐபோனுக்காகக் கடன் வாங்கி, தவணை முடிவதற்குள் வருந்துவதைவிட, தாங்கும் விலையில் நீண்ட நாள் பராமரிப்புள்ள ஆண்ட்ராய்டு நூறு மடங்கு மேல். பெருமைக்காக வாங்குகிற போன் வீட்டுக்குப் பாரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அந்த விதி. மருந்து அட்டையில் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கியிருக்கும் நம் நாட்டில், செல்போன் பெட்டியிலும் புதுப்பிப்பு முடியும் தேதியை அச்சிடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. அரசு அதைச் செய்ய வேண்டும். அதுவரை நாம் கேட்போம். அடுத்த முறை கடையில் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன், "இந்தப் போனுக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை பாதுகாப்பு அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் கிடைக்காத போனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.